முடியுரிமையே குற்றமாகிப்போன மூன்று சகோதரியர்

அரச குலத்தில் பிறப்பதைப் பெரும் பேறாகக் கருதுவோர் உளர். ஆனால், பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வாழ்ந்த ஜேன் கிரே, கத்தரின் கிரே, மேரி கிரே என்ற மூன்று சகோதரியருக்கு அப்பிறப்பே பேராபத்தாக முடிந்தது.

இவர்கள் எட்டாம் ஹென்றி மன்னனின் இளைய சகோதரியின் பேத்திகளாவர். தனது பிள்ளைகள் மூவரும் வாரிசின்றி இறப்பின், முடியுரிமை இவர்களது குடும்பத்துக்கே செல்ல வேண்டுமென ஹென்றி தனது மரண சாசனத்தில் பணித்திருந்தான். அந்தச் சாசனமே அவர்களைச் சாகும்வரை துரத்தியது.

ஹென்றியின் மகனான ஆறாம் எட்வேர்ட் 1553 ஜூலை 6 ஆம் திகதி மரணமானான். கத்தோலிக்கரான தனது சகோதரி மேரி அரியணையேறுவதை விரும்பாத அவன், புரட்டஸ்தாந்து சமயத்தவரான ஜேனைத் தனது வாரிசாக ஏற்கெனவே நியமித்திருந்தான். ஆட்சியில் செல்வாக்குச் செலுத்திய நோதம்பர்லாந்து பிரபு, அவ்வாண்டு மே மாதத்திலேயே தனது மகன் கில்ட்ஃபோர்ட் டட்லிக்கு ஜேனை மணமுடித்து வைத்திருந்தார். கல்வியில் ஆழ்ந்த நாட்டமுடைய ஜேன், தயக்கத்துடனேயே முடியை ஏற்றார். ஜூலை 10 இல் அரசியாகப் பிரகடனப்படுத்தப்பட்ட அவரது ஆட்சி 19 ஆம் திகதி முடிவுற்றது. முதலாம் மேரி அரசியானார்.

மரண தண்டனை விதிக்கப்பட்டபோதிலும் ஜேன் உடனடியாகக் கொல்லப்படவில்லை. ஆனால், 1554 இன் ஆரம்பத்தில் வெடித்த வயற் கிளர்ச்சியில் தந்தை பங்குகொண்டமை மகளின் உயிருக்கு உலை வைத்தது. பெப்ரவரி 12 ஆம் திகதி ஜேனும் கணவனும் சிரச்சேதம் செய்யப்பட்டனர். சில நாட்களில் தந்தைக்கும் அதே கதி நேர்ந்தது.

மணமாகாத முதலாம் எலிசபெத் 1558 இல் அரசியானதும், ஹென்றியின் சாசனப்படி அடுத்த வாரிசு கத்தரினே. அவர் 1560 இல் ஹெர்ட்போர்ட் பிரபுவான எட்வேர்ட் சீமோரை இரகசியமாக மணந்தார். கருவுற்ற செய்தி வெளியானபோது லண்டன் கோபுரத்தில் சிறைவைக்கப்பட்டு, 1561 செப்டெம்பரில் அங்கேயே ஆண் குழந்தையைப் பெற்றார். திருமணத்துக்குச் சாட்சியாயிருந்த மணமகனின் சகோதரி இறந்துவிட்டார். மணம் செய்துவைத்த மதகுருவைக் கண்டுபிடிக்க முடியவில்லை. எனவே, 1562 இல் திருமணம் செல்லாதெனத் தீர்க்கப்பட்டது. காவலரின் இரக்கத்தால் தம்பதியர் சிறைக்குள் சந்தித்ததன் பயனாக 1563 இல் இரண்டாவது மகனும் பிறந்தான். அதன்பின் கணவன் முகத்தைக் காணும் வாய்ப்பின்றியே 1568 ஜனவரியில், இருபத்தேழு வயதில், கத்தரின் காவலில் இறந்தார்.

இத்துயரைக் கண்ணாரக் கண்டிருந்தும் இளையவரான மேரி கிரே, அரண்மனை வாயிற்காவல் அதிகாரியான தோமஸ் கீஸை 1565 இல் இரகசியமாக மணந்தார். மிகக் குள்ளமான மேரியும் மிக உயரமான கீஸும் அரசவையின் ஏளனத்துக்கு ஆளாயினர். முடிக்கு எவ்வகையிலும் போட்டியாக முடியாத இந்த இணையையும் அரசு பிரித்தே வைத்தது. 1571 இல் கீஸ் இறந்த பின்னரே, மறு ஆண்டில் மேரி விடுதலையானார். 1578 இல் அவரும் மறைந்தார்.

மூத்தவர் பிறரது திட்டத்துக்குப் பலியானார். இளையவர் இருவரும் கோரியது அரியணையையன்று, ஒரு சாதாரண இல்வாழ்வையே. பிறப்பினால் உரிமை வரும் என்ற ஏற்பாட்டில், உரிமையை விரும்பாதவருக்கும் தப்பிக்க வழியில்லை. இன்றும் பிரித்தானியாவில் வாரிசு வரிசையின் முதல் ஆறு பேர் மணம் புரிவதற்கு முடியின் அனுமதி அவசியமென 2013 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. மீறுவோர் இன்று இழப்பது வாரிசுரிமையை மட்டுமே. கிரே சகோதரியரோ தமது வாழ்வையே விலையாகக் கொடுத்தனர்.