தலைப்பாகை கட்டிய சாரணர்கள்

சிம்மக்கல் மைய நூலகத்துக்கு நாம பெரும்பாலும் அரியர் பேப்பருக்குப் படிக்கத்தான் போவோம். அடுத்த தடவை போனா, அன்னி பெசன்ட் பற்றி ஒரு புத்தகம் தேடி எடுங்க. பள்ளிக்கூடத்துல ஹோம் ரூல்னு ஒரு வரியோட முடிச்சிட்ட பெயர் அது.

1847-ல் லண்டனில் பிறந்தவர். பாதிரியார் ஒருவரைக் கல்யாணம் பண்ணி, மத நம்பிக்கை போனதால 1873-ல் பிரிந்தார். குடும்பக் கட்டுப்பாடு பற்றிய புத்தகத்தை வெளியிட்டதுக்காக 1877-ல் வழக்கு. அடுத்த வருஷம் கோர்ட் மகளையும் அவரிடமிருந்து பிரித்தது. 1893-ல் இந்தியா வந்தார். 1907-ல் பிரம்மஞான சபையின் தலைவராகி அடையாறில் தங்கிவிட்டார்.

அதே 1907-ல்தான் இங்கிலாந்தில் பேடன் பவல் முதல் சாரணர் முகாம் நடத்தினார். 1909-ல் இந்தியாவுக்கும் சாரணர் இயக்கம் வந்தது. ஆனா ஆங்கிலேய, ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்கு மட்டும்! நம்ம பசங்க தடம் பார்க்கவும் கூட்டமா இயங்கவும் கத்துக்கிட்டா, நாளைக்கு எதிர்த்து நிப்பாங்களோன்னு அதிகாரிகளுக்குப் பயம்.

பெசன்ட் அனுமதிக்காகக் காத்திருக்கலை. எழுபதை நெருங்கும் வயசுல, 1916-ல், ஜார்ஜ் அருண்டேலோட சேர்ந்து சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். தொப்பிக்குப் பதிலா தலைப்பாகை, இங்கிலீஷ் பாட்டுக்குப் பதிலா நம்ம ஊர்ப் பாட்டு.

சாரணர் முறையோட உயிரே சின்ன அணிதான். ஆறு முதல் எட்டுப் பேர். தலைவனும் ஒரு பையன்தான். முடிச்சு சரியா விழலைன்னா கூடாரம் சரியும். அரிசி வேகலைன்னா எல்லாருக்கும் பட்டினி. மார்க் போட ஆள் வேண்டாம், தப்பு அங்கேயே தெரிஞ்சிடும். தனக்குத் தானே பொறுப்புன்னு ஒரு பையன் உணர்றது அப்போதான். தன்னாட்சி கேட்ட பெசன்ட் இதைக் கையில் எடுத்ததுல ஆச்சரியமே இல்ல.

1917-ல் அரசு அவரை ஊட்டியில் காவலில் வைத்தது. விடுதலையானதும் அந்த வருஷமே காங்கிரஸ் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். 1921-ல் பேடன் பவல் இந்தியா வந்தபோது, இந்தியப் பையன்களுக்குக் கதவு திறந்தது. பெசன்ட்டின் சங்கமும் பொது இயக்கத்தோட இணைந்தது. 1932-ல் சாரணர் இயக்கத்தின் உயர்ந்த விருதான வெள்ளி ஓநாய் அவருக்குக் கிடைத்தது. 1933 செப்டம்பர் 20 அன்று அடையாறில் காலமானார்.

அடுத்த செமஸ்டர்ல என்.எஸ்.எஸ். கேம்ப்புக்குப் பேர் கேட்பாங்க. சர்டிபிகேட்டுக்காக மட்டும் கொடுக்காதீங்க. கூடாரம் கட்டக்கூட நம்மை நம்பாத காலம் ஒன்று இருந்தது. அதை மாற்ற ஒரு பாட்டி மெனக்கெட்டிருக்காங்க.