தொழிலாளர் நெஞ்சை வென்றவர்

ஸ்காத்லாந்து நாட்டில், கிளைடு ஆற்றங்கரையில், நியூ லானார்க் என்னும் சிற்றூர் உள்ளது. ஆற்றுநீரின் விசையால் இயங்கிய நூற்பாலைகள் அங்கு இருந்தன. 1800-ஆம் ஆண்டில் அவற்றின் பொறுப்பை ஏற்றவர் இராபர்ட் ஓவன். 1771-இல் வேல்சு நாட்டிற் பிறந்த இவர், பத்து வயதிலேயே வேலை தேடி வீட்டை விட்டுப் புறப்பட்டவர்.

ஆலையூரிற் குடியும் களவும் மலிந்திருந்தன. முதலாளிக்குப் பொருள் சேர்க்கும் இடத்தில் தமக்கு ஆவது யாது எனத் தொழிலாளர் எண்ணினர் போலும். வேலையில் அவர் மனம் செல்லவில்லை. நல்ல மக்களை உருவாக்குவதும் ஆலையின் நோக்கமாதல் வேண்டும் என்று ஓவன் துணிந்தார். பத்து வயது நிரம்பாத சிறுவரை வேலைக்குச் சேர்ப்பதை நிறுத்தினார். நல்ல பண்டங்கள் மலிவாகக் கிடைக்கக் கடை திறந்தார். ஆயினும் வேற்று நாட்டவராகிய அவரை மக்கள் நம்பவில்லை.

சில ஆண்டுகள் கழிந்தன. அமெரிக்கா பஞ்சு ஏற்றுமதியைத் தடுத்தது. பஞ்சின் விலை ஏறியது. பல ஆலைகள் தொழிலாளரைக் கைவிட்டன. ஓவனும் நூற்பை நிறுத்தினார். ஆனால் ஒருவரையும் நீக்கவில்லை. பொறிகளைத் துடைத்துப் பேணுவதே அவர்கள் வேலையாயிற்று. நான்கு திங்கள் முழுக்கூலியும் குறையாது கொடுத்தார். அதற்கு ஏழாயிரம் பவுனுக்கு மேற் செலவாயிற்று. அன்றுதான் மக்களின் ஐயம் அகன்றது.

ஆலையில் அவர் அடித்தலையும் வைதலையும் விலக்கினார். ஒவ்வொருவர் அருகிலும் நாற்புறமும் நிறம் தீட்டிய சிறு மரக்கட்டை ஒன்று தொங்கியது. முன்னாள் நடத்தை தீதாயின் கருமை முன்னிற்கும். சிறப்பாயின் வெண்மை முன்னிற்கும். இடையில் நீலமும் மஞ்சளும் உண்டு. ஓவன் கட்டையையும் ஆளையும் நோக்கி, ஒன்றும் கூறாது நடப்பார். தம் குறையை எல்லாரும் காணத் தொங்கவிடுவதை இக்காலத் தொழிலாளர் விரும்பார். ஆனால், தவறாக மதிப்பிடப்பட்டவர் ஓவனிடமே முறையிடலாம். நாளடைவிற் கருமை அருகி, வெண்மை பெருகியது.

பள்ளிக்காக அவர் செய்ய எண்ணிய செலவைக் கூட்டாளிகள் பொறுக்கவில்லை. 1813-ஆம் ஆண்டின் இறுதியில் ஆலை கிளாஸ்கோ நகரில் ஏலத்திற்கு வந்தது. நூற்றுக்கு ஐந்து விழுக்காட்டு ஊதியமே போதும் என இசைந்த புதிய கூட்டாளிகளுடன் சேர்ந்து, 1,14,100 பவுனுக்கு ஓவனே அதனை வாங்கினார். செய்தி கேட்ட ஊரார் சாளரந்தோறும் விளக்கேற்றினர். அவர் திரும்பி வந்தபோது, வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, ஊர்வரை வண்டியைத் தாமே இழுத்துச் சென்றனர்.