டாக்டர் அல்ஷைமர்

அல்ஷைமர் என்பது இன்று உலகெங்கும் ஒரு வியாதியின் பெயராக வழங்குகிறது. அப்பெயருடன் ஒரு மனிதர் வாழ்ந்தார் என்பதைப் பலர் நினைப்பதில்லை. மறதி நோய்க்குப் பெயர் தந்தவரையே உலகம் மறந்தது விந்தைதான். அவருடைய சரித்திரம் நம் வாசகர்கள் அறியத்தக்கதெனக் கருதுகிறோம்.

ஆலோய்ஸ் அல்ஷைமர் 1864-ம் வருஷம் ஜூன் 14-ந் தேதி ஜெர்மனியில் பவேரியாவைச் சேர்ந்த மார்க்ட்பிரைட் என்னும் சிற்றூரில் பிறந்தார். வைத்தியப் பரீக்ஷையில் தேறி, 1888-ல் ஃபிராங்க்பர்ட் நகரத்துச் சித்தப்பிரமை ஆஸ்பத்திரியில் உதவி வைத்தியராக அமர்ந்தார். நரம்பு அணுக்களுக்குச் சாயமேற்றிக் காணும் முறையை வகுத்த ஃபிரான்ஸ் நிஸ்ஸல் அங்கே வந்து சேர, இருவரும் உற்ற நண்பர்களாயினர். 1901-ல் அல்ஷைமரின் மனைவி மூன்று குழந்தைகளை விட்டுக் காலமானார்.

அவ்வருஷம் நவம்பரில் ஆகுஸ்தே என்ற 51 வயது மாது அந்த ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். அல்ஷைமர் அவரெதிரே அமர்ந்து பென்சில், பேனா, சாவி என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டார். அம்மாது பெயர்களைச் சரியாகச் சொன்னார். சிறிது நேரத்தில் காட்டப்பட்டவை எவையென்றே அவருக்கு நினைவில்லை. தம் பெயரை எழுதச் சொன்னால் முடிக்க இயலவில்லை. கேள்வியும் பதிலும் பேசப்பட்டபடியே எழுதப்பட்டன. கோர்ட்டில் சாட்சி விசாரணை செய்து பழகியவர்களுக்கு இதன் அருமை விளங்கும். புத்தி கெட்டவர் என்று ஒதுக்கப்பட்டவரின் வாக்குமூலத்தையும் ஒரு சொல் விடாமல் பதிவு செய்தார் அவர். இதையே அவருடைய பெருஞ்செயலாக நாம் மதிக்கிறோம்.

1903-ல் அவர் ஃபிராங்க்பர்ட்டை விட்டுப் பின்னர் மியூனிக் நகரத்தில் பேராசிரியர் கிரெப்பலினிடம் சேர்ந்தார். அங்கே சில காலம் சம்பளமின்றியே உழைத்தார். 1906 ஏப்ரல் 8-ந் தேதி ஆகுஸ்தே இறந்ததும், அவருடைய மூளையையும் குறிப்புக் கட்டையும் வரவழைத்தார். வெள்ளி உப்பால் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் நோக்க, அணுக்களுக்குள் இழைகள் தடித்து முறுக்கிக் கிடந்தன. அணுக்களுக்கு வெளியே ஏதோவொரு பொருள் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. மூளையின் மேற்பரப்பு அணுக்களில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இவ்விதம் கெட்டிருந்ததாக அவர் எழுதினார். சில இடங்களில் அணு அழிந்து, முறுக்கிழை மாத்திரம் அது இருந்த இடத்தைக் காட்டி நின்றது.

நவம்பர் 3-ந் தேதி டியூபிங்கன் நகரத்து வைத்தியர் சபையில் இதனை எடுத்துரைத்தார். ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கற்றோர் சபைகளிலும் இத்தகைய மௌனம் உண்டு! 1910-ல் கிரெப்பலின் தம் நூலில் இந்நோய்க்கு அல்ஷைமர் பெயரை இட்டார். முதுமை மறதியினின்று இது வேறான நோய்தானா என்ற ஐயத்தை அல்ஷைமர் தாமே மறுவருஷம் வெளியிட்டார். 1912-ல் பிரெஸ்லவில் பேராசிரியரானார். 1915 டிசம்பர் 19-ந் தேதி அங்கேயே காலமானார். அப்போது அவருக்கும் வயது 51.

அவர் கண்டவை எவ்வகைப் பொருள்கள் என்பது 1980-களில்தான் தெளிவாயிற்று. வெளியே படிந்த திட்டு, பீட்டா அமிலாய்டு என்னும் புரதத் துண்டு. உள்ளே முறுக்கியது டாவ் என்னும் புரதம். நரம்பு அணுவின் நீண்ட கிளையிலுள்ள நுண்குழாய்களைத் தாங்கி நிற்பது அதன் இயல்பான வேலை. பாஸ்பேட் மிகுதியாக ஏறினால் அது கழன்று தன்னோடு தானே ஒட்டிக்கொள்கிறது. நரம்புக் கிளை சிதையும்போது நியூரோஃபிலமெண்ட் என்ற வேறொரு புரதமும் ரத்தத்தில் கசிகிறது. ஆனால் அது பல நரம்பு நோய்களிலும் உயர்வதால், இன்ன நோயென்று சுட்டாது. டாவையும் அமிலாய்டையும் ரத்தத்தில் ஒப்பிட்டு அளக்கும் பரீக்ஷை ஒன்றை, 55 வயது கடந்து நோய்க்குறி தோன்றியவர்களுக்கு, அமெரிக்க அரசாங்கம் 2025 மே மாதத்தில் அனுமதித்தது. மரணத்துக்குப் பின் அல்ஷைமர் கண்டதன் அறிகுறியை இன்று உயிரோடிருப்பவரின் ஒரு குழாய் ரத்தத்தில் காணலாம்.

ஆயினும், மூளையில் திட்டுகள் படிந்தும் மறதியின்றி வாழ்ந்து முடித்தோர் பலருண்டு. ஆகையால் குறி தோன்றாதவர்கள் அச்சத்தால் இப்பரீக்ஷைக்கு ஓடுவது தகாது; புரதத்தின் அளவைப் பார்த்து நோயாளியைப் பாராமல் விடும் வைத்தியரை நாம் நல்ல வைத்தியரென ஒப்போம்.

காணாமற்போயிருந்த ஆகுஸ்தேயின் குறிப்புக் கட்டு 1995-ல் ஃபிராங்க்பர்ட்டில் அகப்பட்டது. பின்னர் மியூனிக்கில் அல்ஷைமரின் கண்ணாடித் தகடுகளும் கிடைத்தன. அவற்றை மீண்டும் சோதித்தவர்கள் திட்டுகளையும் முறுக்கிழைகளையும் அவர் சொன்னவாறே கண்டனர். அம்மாது எழுதி முடிக்காத பெயரும் அந்தக் கட்டில் இருந்தது.