பஞ்ச்கனியில் பியானோ படித்த பையன்

டி.வி.யில் ஐ.பி.எல். பார்க்கும்போதோ, பிள்ளைகளின் பள்ளி விளையாட்டு விழாவிலோ இந்தத் தாளத்தைக் கேட்டிருப்பீர்கள். இரண்டு முறை காலால் தரையை மிதிப்பார்கள், ஒரு முறை கை தட்டுவார்கள், கொஞ்சம் நிறுத்திவிட்டு மறுபடியும் அதே. 'வி வில் ராக் யூ' என்று 1977இல் வந்த பாட்டு அது. குவீன் என்ற இங்கிலாந்து இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே எழுதியது. பாடியவர் பிரெடி மெர்க்குரி. இந்த இதழில் அவருடைய கதைதான்.

உலகம் அவரை ஆங்கிலேயர் என்றே எண்ணியிருந்தது. பெற்றோர் வைத்த பெயர் பரூக் புல்சாரா. பார்சி குடும்பம். குஜராத்தில் இன்று வல்சாடு என்று அழைக்கப்படும் புல்சார்தான் பூர்வீகம், வீட்டுப் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். அப்பா பொமிக்கு ஆப்பிரிக்கக் கரையோரம் உள்ள சான்சிபார் தீவில், ஆங்கிலேய அரசின் கீழ் காசாளர் வேலை. பையன் அங்கே 1946 செப்டம்பர் 5 அன்று பிறந்தான்.

எட்டு வயதில் அவனைக் கப்பலேற்றி இந்தியாவுக்குப் படிக்க அனுப்பினார்கள். மகாராஷ்டிராவில், மகாபலேஸ்வரத்துக்குப் பக்கத்தில் பஞ்ச்கனி என்ற மலை ஊர். நமக்கு ஊட்டி, கொடைக்கானல் எப்படியோ அப்படி. அங்கே செயின்ட் பீட்டர்ஸ் உறைவிடப் பள்ளி. அப்பா அம்மா கடலுக்கு அப்பால், விடுமுறைக்கெல்லாம் வீட்டுக்குப் போய்வர முடியாது. நம் மாவட்டத்தில் கல்ஃபில் இருந்துகொண்டு பிள்ளைகளை ஹாஸ்டலில் விட்டிருக்கும் பெற்றோருக்கு இது விளக்காமலே புரியும்.

அந்தப் பள்ளியில்தான் பியானோ படித்தான், பாடகர் குழுவில் பாடினான். பன்னிரண்டு வயதில் நண்பர்கள் சேர்ந்து 'ஹெக்டிக்ஸ்' என்று ஒரு குழு தொடங்கினார்கள். அதில் முக்கியப் பாடகன் வேறொரு பையன். இவன் பின்னால் உட்கார்ந்து பியானோ வாசித்தவன். பிரெடி என்று கூப்பிட ஆரம்பித்ததும் பள்ளியில்தான். வாயில் கூடுதலாக நான்கு பற்கள் இருந்ததால் முன்பற்கள் துருத்திக்கொண்டு நிற்கும், அதற்குக் கேலியும் உண்டு. பெரியவரான பிறகு கையில் பணம் புரண்டபோதும் அவர் பல்லைச் சரிசெய்து கொள்ளவில்லை, குரல் மாறிவிடும் என்று பயந்தார்.

1963இல் சான்சிபாருக்குத் திரும்பினார். அடுத்த ஜனவரியிலேயே அங்கே புரட்சி, கொலைகள். குடும்பம் பெட்டிகளோடு இங்கிலாந்துக்குத் தப்பியது. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அருகே ஃபெல்தம் என்ற ஊரில் குடியேறினார்கள். பிரெடி விமான நிலையத்தில் சாமான் இறக்கியிருக்கிறார், சந்தையில் பழைய துணி விற்றிருக்கிறார், ஈலிங் கலைக் கல்லூரியில் வரைகலை படித்திருக்கிறார். 1970இல் பிரையன் மே, டிரம்ஸ் வாசிக்கும் ரோஜர் டெய்லர் இருவரோடும் சேர்ந்தார். அடுத்த ஆண்டு பேஸ் கிட்டார் கலைஞர் ஜான் டீக்கன் வந்தார். குழுவுக்குக் குவீன் என்று பெயர் வைத்ததும், நால்வரின் ராசிகளையும் சேர்த்து அதன் சின்னத்தை வரைந்ததும் பிரெடிதான். புல்சாரா போய் மெர்க்குரி வந்ததும் அப்போதுதான்.

1973 முதல் 1980 வரை ஒன்பது ஆல்பங்கள். 1975இல் 'போஹிமியன் ராப்சோடி' வந்தது. கிட்டத்தட்ட ஆறு நிமிடப் பாட்டு, நடுவில் ஓபரா, பல்லவியே கிடையாது. இவ்வளவு நீளமான பாட்டை ரேடியோவில் போடமாட்டார்கள் என்று பலர் தடுத்தார்கள். இங்கிலாந்தில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது.

இனி 1981க்கு வருவோம். நம் பக்கத்து ஊர்களில் ரெக்கார்டிங் சென்டர்கள் இருந்த காலம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பிடித்த பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் ஒரு காலி கேசட்டில் பதிந்து தருவார்கள். டி.எம்.எஸ். ஹிட்ஸ், இளையராஜா ஹிட்ஸ் என்று கடைக்காரரே தொகுத்து வைத்திருப்பதும் உண்டு. குவீன் அந்த ஆண்டு வெளியிட்ட 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' தொகுப்பும் அந்த வகைதான். இங்கிலாந்துப் பதிப்பில் 17 பாட்டுகள். எல்லா நாட்டுக்கும் ஒரே பட்டியல் இல்லை, அங்கங்கே எது ஓடியதோ அதைச் சேர்த்தார்கள். இங்கிலாந்தின் இசை வரலாற்றில் மிக அதிகமாக விற்ற ஆல்பம் இதுதான், 2022இல் எழுபது லட்சத்தைத் தாண்டியது. அந்த நாட்டில் ஏறக்குறைய நான்கு வீட்டுக்கு ஒரு பிரதி என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த 17இல் பத்துப் பாட்டு பிரெடி எழுதியவை. ஐந்து பிரையன் மே, இரண்டு ஜான் டீக்கன். ரோஜர் டெய்லருக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் 'போஹிமியன் ராப்சோடி' இசைத்தட்டின் மறுபக்கத்தில் டெய்லரின் பாட்டு இருந்ததால், ஒவ்வொரு தட்டு விற்றபோதும் அவருக்கும் பிரெடிக்குச் சமமான பங்கு போயிற்று. இதில் மற்றவர்களுக்கு மனத்தாங்கல். பராமரிப்புத் தொகைக்காக நடக்கும் கூட்டங்களுக்கு வந்து பழகிய உங்களுக்கு இந்தச் சண்டையின் ருசி தெரியும்! 1989இல்தான் முடிவுக்கு வந்தார்கள். அதன்பின் யார் எழுதினாலும் பாட்டு நால்வரின் பெயரில்.

அதற்குள் பிரெடிக்கு எச்.ஐ.வி. இருப்பது 1987இலேயே தெரிந்துவிட்டது. 1985 ஜூலை 13 அன்று வெம்ப்ளி மைதானத்தில், எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எய்டு நிகழ்ச்சியில் சுமார் இருபது நிமிடத்தில் 72,000 பேரைக் கைதட்ட வைத்தவர், 1986க்குப் பிறகு குழுவோடு கச்சேரி மேடை ஏறவில்லை. வீட்டு வாசலில் பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு காத்துக் கிடந்தார்கள். அவரோ பாட்டுப் பதிவைத் தொடர்ந்தார். 1991 நவம்பர் 23 அன்று நோயைப் பற்றி அறிக்கை வெளியிட்டார், மறுநாள் இறந்தார். 45 வயது. பார்சி குருமார்கள் சடங்கு செய்தார்கள்.

கடைசி நாள் வரை ஏன் மறைத்தார் என்று குறை சொல்பவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நோய் அவருடையது; யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பதும் அவருடைய உரிமை. அந்தக் காலத்தின் பயம் எப்படிப்பட்டது என்று நமக்கே தெரியும். இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனின் குழுவால். அதன்பின் வெகுகாலம் நோயாளிகளுக்கு வாடகை வீடு மறுத்தார்கள், குழந்தைகளைப் பள்ளியிலிருந்து விலக்கினார்கள். இன்று 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டப்படி, ஒருவருக்கு இந்தத் தொற்று இருப்பதைக் காரணம் காட்டி வீடு வாடகைக்கு மறுப்பதோ, குடியிருக்க விடாமல் செய்வதோ தடைசெய்யப்பட்டுள்ளது. நம் போன்ற சங்கங்களில் இதைத் தெரிந்திருக்க வேண்டியவர்கள் பலர். கூட்டு மருந்தை அரசு மையங்களில் இலவசமாகவே தருகிறார்கள், ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள் நெடுநாள் வாழ்கிறார்கள். அந்த மருந்துமுறை 1990களின் நடுவில் வந்தது. பிரெடிக்கு ஐந்தாறு ஆண்டுகள் போதாமல் போயிற்று.

பிறந்த ஊரையும் பஞ்ச்கனியையும் பற்றி அதிகம் பேசாமல் இருந்தாரே, அதில்தான் எனக்குச் சின்ன வருத்தம். 'பரூக்' என்ற பெயரைப் பார்த்தால் இசைக் கம்பெனிக்காரர் முகம் எப்படிப் போயிருக்கும் என்பதை 1970களின் இங்கிலாந்தை அறிந்தவர்கள் ஊகிக்கலாம்.

பார்சிகளின் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு ஈரானிலிருந்து தப்பி குஜராத் கரையேறியவர்கள். ராக் இசைக்கு வெகுகாலம் தடை இருந்த அந்த ஈரானில், 2004இல் குவீனின் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் அரசு அனுமதியோடு விற்பனைக்கு வந்தது. அனுமதி பெற்ற முதல் மேற்கத்திய ராக் குழு அதுதான். பாடியவர் பாரசீக வம்சம் என்பதில் அங்கே பலருக்குப் பெருமை. காதல் பாட்டுகள் சிலவற்றை எடுத்துவிட்டார்கள். ஆனால் 'போஹிமியன் ராப்சோடி' இருந்தது, பாட்டுகளுக்குப் பொருள் சொல்லும் ஒரு சின்னப் புத்தகத்தோடு.