கேத்தரின் ஸ்கோர்செசி
கேத்தரின் ஸ்கோர்செசி (ஏப்ரல் 16, 1912 - ஜனவரி 6, 1997) இத்தாலிய-அமெரிக்க நடிகையும், திரைப்பட இயக்குனர் மார்ட்டின் ஸ்கோர்செசியின் தாயாரும் ஆவார்.

வாழ்க்கை
சிசிலியிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு நியூயார்க் நகரில் பிறந்தார். 1933 இல் சார்லஸ் ஸ்கோர்செசியை மணந்தார். கணவர் ஆடைகளைத் தேய்க்கும் பணியாளர். இவர் தையல் தொழிலாளி. இருவரும் ஆடைத் தொழிலில் உழைத்து இரு மகன்களை வளர்த்தனர். இளைய மகன் மார்ட்டின் ஆஸ்துமாவால் விளையாட இயலாதிருந்ததால், பெற்றோர் அவரைத் திரையரங்குகளுக்கு அழைத்துச் சென்றனர்.

திரைப்படங்கள்
மகனின் மாணவப் பருவக் குறும்படத்திலேயே (1964) நடித்தார். இட்டாலியன்அமெரிக்கன் (1974) ஆவணப்படத்தில் கணவருடன் தம் இல்லத்திலிருந்தே குடும்ப வரலாற்றைக் கூறினார். இவரது இறைச்சி உருண்டைச் சமையல் குறிப்பு அப்படத்தின் இறுதியில் காட்டப்படுகிறது. குட்ஃபெல்லாஸ் (1990) படத்தில், நள்ளிரவில் வீடு திரும்பும் கொலைகார மகனுக்கு ஏதுமறியாது உணவளிக்கும் தாயாக நடித்தார். அக்காட்சியின் உரையாடல் பெரும்பாலும் படப்பிடிப்பிலேயே உருவானது. இவரே அவர்களுள் மிகவும் அறியப்பட்ட வேடம் இதுவாகும்.

இறுதிக்காலம்
1993 இல் கணவர் காலமானார். 1996 இல் இவரது குடும்பச் சமையல் நூல் வெளிவந்தது. ஆல்சைமர் நோயால் பாதிக்கப்பட்டு 84 ஆவது வயதில் மறைந்தார். அதே ஆண்டில் வெளியான குண்டுன் திரைப்படத்தை மார்ட்டின் தாயின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். பெயரற்றுப் போகக்கூடிய புலம்பெயர்ந்த தொழிலாளர் குடும்பமொன்றின் பேச்சும் உணவும் இவரால் திரையில் பதிவாயின.