டீசல் என்றொரு பாலிடெக்னிக் மாணவர்



டீசல் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பெட்ரோல் பங்க், லாரி, கிணற்று மேட்டில் டப் டப் என்று ஓடும் ஆயில் இன்ஜின். மெக்கானிக்கல் தோழர்களுக்கு தெர்மல் பேப்பரில் வரும் டீசல் சைக்கிள். ஆனால் அது ஒரு மனிதரின் பெயர் என்பதும், அவர் தொழிற்பள்ளி, பாலிடெக்னிக் என்று படியேறி வந்த ஒரு கைத்தொழிலாளியின் மகன் என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவருடைய வாழ்க்கையைத்தான் இங்கே சொல்ல வந்தேன். படித்துவிட்டு டீசல் சைக்கிள் வரைந்தால் அந்தக் கோடுகளுக்கு உயிர் வந்துவிடும்!

பைண்டர் வீட்டுப் பிள்ளை

ருடால்ஃப் டீசல் 18-3-1858 அன்று பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர்கள். அப்பா தியோடர் டீசல் புத்தகம் பைண்டிங் செய்பவர். தோல் சாமான்களும் செய்து விற்பார். வீடும் பட்டறையும் நம்ம ஊர்த் தறிவீடு மாதிரிதான். குடும்பமே சேர்ந்து உழைத்தால்தான் அடுப்பு எரியும்.

1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஜெர்மானியர்கள் பாரிஸை விட்டு வெளியேற வேண்டிய நிலை. குடும்பம் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. பன்னிரண்டு வயது ருடால்ஃப் மட்டும் தனியாக ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரிலிருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். அந்த வீட்டுத் தலைவர் கணக்கு வாத்தியார். பையன் படிப்பில் முதலாவதாக வந்தான். இன்ஜினியர் ஆவதென்று முடிவும் செய்துவிட்டான். பிள்ளை சீக்கிரம் வேலைக்குப் போனால் தேவலை என்பது பெற்றோரின் எண்ணம். உதவித்தொகை கிடைத்ததால் 1875-ல் மியூனிக் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். (அந்நாளில் அங்கே பாலிடெக்னிக் என்றால் உயர்கல்விக் கூடம். இன்று அது மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்.)

தவறிப்போன பரீட்சை

1879-ல் இறுதிப் பரீட்சை நெருங்கும்போது டைஃபாய்டு வந்து படுத்துவிட்டார். கூடப் படித்தவர்கள் எழுதிவிட்டுப் போனார்கள்; இவருக்கு மட்டும் நின்றுபோனது. நாமாக இருந்தால் ஒரு செமஸ்டர் போச்சே என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்போம். அவரோ அந்த இடைவெளியில் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் இருந்த சுல்சர் தொழிற்சாலையில் போய் பட்டறை வேலை பழகினார். 1880 ஜனவரியில் பரீட்சை எழுதி, மிக உயர்ந்த மதிப்பெண்களுடன் வெளியே வந்தார்.

அங்கே அவருடைய பேராசிரியர் கார்ல் ஃபான் லிண்டே, குளிர்பதன இயந்திரத்தில் பெரும்பெயர் பெற்றவர். நீராவி இன்ஜின் எரிபொருளின் வெப்பத்தில் பத்து சதவீதத்தைக்கூட வேலையாக மாற்றுவதில்லை என்று வகுப்பில் அவர் விளக்கியது மாணவரின் மனதில் முள்ளாகத் தைத்தது. நூறு மூட்டை நிலக்கரியில் தொண்ணூறு மூட்டை வீண்! பின்னர் லிண்டேயின் ஐஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆண்டுகளிலும் அந்த முள் உறுத்திக்கொண்டே இருந்தது.

இன்னொரு உறுத்தலும் உண்டு. நீராவி இன்ஜின் பெரிதாக இருந்தால்தான் கட்டுப்படியாகும். அதனால் பெரிய மில்காரனுக்குத்தான் சக்தி. சின்னப் பட்டறைக்காரனுக்கு அவன் கையும் காலும்தான். சிக்கனமான சின்ன இன்ஜின் ஒன்று வந்தால் நெசவாளியும் தச்சனும் பைண்டரும் மில்லுக்கு ஈடு கொடுத்து நிற்கலாமே! இதுதான் அவர் கண்ட கனவு.

தீப்பொறி இல்லாத நெருப்பு

காற்றை மட்டும் சிலிண்டருக்குள் கடுமையாக அழுத்தினால் அது பழுக்கச் சூடாகும். அந்தச் சூட்டில் எரிபொருளைச் செலுத்தினால் தானே பற்றிக்கொள்ளும். ஸ்பார்க் பிளக் தேவையில்லை. இந்த யோசனைக்கு 23-2-1893 அன்று காப்புரிமை வழங்கப்பட்டது. முதலில் அவர் போட்ட கணக்கு 250 வளிமண்டல அழுத்தம். அன்றைய வார்ப்பிரும்பு அதைத் தாங்குமா? படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வந்தார். பேப்பரில் வரைவது வேறு, ஷாப் ஃப்ளோரில் ஓட்டுவது வேறு என்பதை நமக்குச் சொல்லவா வேண்டும்?

ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலை இடமும் ஆளும் கொடுத்தது. 1893 ஆகஸ்டில் முதல் சோதனை. எரிபொருள் பற்றியது, கூடவே அழுத்தம் அளக்கும் இண்டிகேட்டர் வெடித்துச் சிதறியது. பக்கத்தில் நின்றவர்கள் தப்பியது புண்ணியம். 17-2-1894 அன்று இன்ஜின் முதன்முறையாகத் தன் சொந்த பலத்தில் ஓடியது. எவ்வளவு நேரம்? ஒரே ஒரு நிமிடம்! அந்த ஒரு நிமிடத்தைப் பிடித்துக்கொண்டு மேலும் மூன்று வருடம் போராடினார்கள். 1897 பிப்ரவரியில் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் முன்னிலையில் அதிகாரபூர்வ சோதனை நடந்தது. 250 மி.மீ. விட்டம், 400 மி.மீ. ஸ்ட்ரோக் கொண்ட அந்த ஒற்றை சிலிண்டர் இன்ஜினின் திறன் 26.2 சதவீதம். உலகமே திரும்பிப் பார்த்தது என்றால் மிகையாகாது.

மல்லாட்டை எண்ணெயில் ஓடிய இன்ஜின்

1900-ல் பாரிஸ் உலகக் கண்காட்சி. டீசல் இன்ஜினுக்குப் பெரும் பரிசு கிடைத்தது. அங்கே ஓட்டோ கம்பெனியார் வைத்திருந்த ஒரு சின்ன டீசல் இன்ஜின் எதில் ஓடியது தெரியுமா? நம்ம பக்கத்து மல்லாட்டை எண்ணெயில்! இன்ஜினில் எந்த மாற்றமும் செய்யவில்லை. பார்க்க வந்தவர்களில் பலருக்கு வித்தியாசமே தெரியவில்லை. விளைகிற எண்ணெயிலேயே விவசாய நாடுகள் இயந்திரம் ஓட்டலாம் என்பதை டீசல் தன் கடைசிக் காலம் வரை வலியுறுத்தி வந்தார். பயோடீசல் பற்றிப் படிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

1903-ல் தொழிலாளர்கள் சிறுகச் சேமித்துத் தாங்களே முதலாளிகளாகும் கூட்டுறவுத் திட்டம் ஒன்றை ‘சொலிடாரிஸ்முஸ்’ என்ற நூலாக எழுதினார். பத்தாயிரம் பிரதி அச்சிட்டு, விற்றது சில நூறுதான். இன்ஜினை வாங்க முண்டியடித்த உலகம், அது யாருக்காக என்று அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

தண்டவாளத்தில் ஒரு தோல்வி

ரயிலை இழுக்க வேண்டும் என்பது டீசலின் நீண்டநாள் ஆசை. சுல்சர், குளோசே ஆகியோருடன் கூட்டுச் சேர்ந்து, ஆயிரம் குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டீசல் ரயில் இன்ஜினை உருவாக்கினார். 1912-ல் அது விண்டர்தூர் - ரோமன்ஸ்ஹார்ன் பாதையில் ஓடிப் பார்த்தது.

சிக்கல் எங்கே வந்தது? நீராவி இன்ஜின் நின்ற இடத்திலிருந்தே முழு பலத்துடன் இழுக்கும். டீசல் இன்ஜின் ஓரளவு வேகத்தில் சுழன்றால்தான் சக்தி தரும். இதில் இன்ஜினைச் சக்கரத்தோடு நேராகப் பிணைத்துவிட்டார்கள். கிளட்சும் இல்லாமல் டாப் கியரில் லாரியை எடுப்பது போல! அழுத்தக் காற்றால் முதலில் தள்ளி நகர்த்தி, பிறகு டீசலுக்கு மாற வேண்டியிருந்தது. வேகமாக ஓடத் தெரிந்த இன்ஜினுக்கு மெல்லக் கிளம்பத் தெரியவில்லை. அந்த முயற்சி பலிக்கவில்லை.

அதற்குள் பண முதலீடுகளில் பெரும் நஷ்டம், காப்புரிமை வழக்குகள், உடல்நலக் குறைவு எல்லாம் அவரைச் சூழ்ந்துவிட்டன. 29-9-1913 இரவு ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குப் போகும் ‘டிரெஸ்டன்’ கப்பலில் ஏறியவர், காலையில் கேபினில் இல்லை. சில நாள் கழித்துக் கடலில் கிடைத்த உடலை, அதிலிருந்த பொருட்களை வைத்து மகன் அடையாளம் காட்டினார். வயது 55.

சின்ன இன்ஜின் ஜெயித்த கதை

அவர் போன பிறகு, அந்தப் பெரிய இன்ஜின் தோற்ற இடத்தில் ஒரு சின்ன இன்ஜின் ஜெயித்தது. 1925-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி சென்ட்ரல் ரயில்வே 1000 என்ற எண்ணுள்ள டீசல் எலெக்ட்ரிக் இன்ஜினை வாங்கியது. 300 குதிரைத்திறன்தான். அது ஷண்டிங் இன்ஜின்! டீசல் ஜெனரேட்டரைச் சுற்றும். ஜெனரேட்டர் தரும் மின்சாரத்தில் மோட்டார்கள் சக்கரத்தைச் சுற்றும். இப்போது மெல்லக் கிளம்புவது கைவந்துவிட்டது. நியூயார்க் சரக்கு யார்டில் 1957 வரை உழைத்த அது, இன்று பால்டிமோர் ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நம் நாட்டிலும் இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் அகலப்பாதைக்கு வந்திறங்கியவை அமெரிக்க டீசல் ஷண்டர்களே. எக்ஸ்பிரஸ் ரயில்களை டீசல் இழுத்தது பிற்பாடுதான்.

காட்பாடி, ஜோலார்பேட்டை பக்கம் போனவர்கள் ஷண்டிங்கைப் பார்த்திருப்பீர்கள். பத்தடி முன்னே, ஐந்தடி பின்னே, பெட்டியை அலுங்காமல் முட்டிக் கோர்ப்பது ஒரு கலை. வெளிநாடுகளில் மாடல் ரயில் ஆர்வலர்களுக்கு இதில் தனி மோகம். ஏதாவது கம்பெனி புதிய டீசல் ஷண்டர் மாடல் வரப்போகிறது என்று அறிவித்தால் போதும். தலைவர் படம் ரிலீசுக்குக் காத்திருப்பது போல மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். அவர்கள் அதிகம் பயன்படுத்தும் அளவு 1:87. அதில் 1435 மி.மீ. இருப்புப்பாதை 16.5 மி.மீ. ஆகிவிடும். நம்ம அகலப்பாதை 1676 மி.மீ. சுமார் 19 மி.மீ.தான்! ஆரணி ரோடு ஸ்டேஷன் வழியே ஒரு காலத்தில் போன மீட்டர் கேஜ் என்றால் 11.5 மி.மீ.

அவர்கள் வைக்கும் முதல் பரீட்சை என்ன தெரியுமா? வேகம் அல்ல. ஒரு ஸ்லீப்பர் கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு நத்தை போல, திக்காமல் நகருமா என்பதுதான். தண்டவாளத்திலிருந்து கரண்ட் எடுக்கும் குட்டி இன்ஜின், பாயின்ட்ஸ் மேல் போகும்போது தொடர்பு அறுந்து நின்றுவிடும். அதற்காகப் பல்சக்கரங்களைக் கூட்டி வேகத்தைக் குறைக்கிறார்கள், ஃப்ளைவீல் வைக்கிறார்கள், கெப்பாசிட்டர் சேர்க்கிறார்கள். 1912-ல் டீசலைத் தோற்கடித்த அதே கேள்வி, உள்ளங்கையில் அடங்கும் பொம்மையிலும் வந்து நிற்கிறது: மெல்லக் கிளம்புவது எப்படி?

நமக்கு என்ன?

தோழர்களே, நம்மில் பலர் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள். சின்னப் பட்டறைக்காரன் பிழைக்க டீசல் கண்ட இன்ஜின் கப்பலுக்கும் லாரிக்கும் பெரிய ஆலைக்கும் போய்விட்டது. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி ஆரணித் தெருக்களில் இன்னும் தீரவில்லை. இயந்திரம் கைத்தறிக்காரனின் வேலையைப் பறிக்க வருகிறதா, அவன் முதுகுவலியைக் குறைக்க வருகிறதா? இதற்குப் பதில் இயந்திரத்தில் இல்லை. அதை யாருக்காக டிசைன் செய்கிறோம் என்பதில் இருக்கிறது. டிசைன் செய்யப் போவது நாம்தானே!

அடுத்த கண்காட்சிக்கு ஒரு டேபிளில் 1:87 ஷண்டர் ஒன்றைச் செய்து நத்தை வேகத்தில் ஓட்டிக் காட்டுவோம். பழைய டேப் ரிக்கார்டர் மோட்டாரும் நாலு பல்சக்கரமும் போதும். அதே மோட்டார், அதே பல்சக்கரக் கணக்கை வைத்து, பட்டு நூல் அறாமல் மெல்லக் கிளம்பித் தார் சுற்றும் ஒரு சின்ன ராட்டையைப் பக்கத்து டேபிளில் வைப்போம். பைண்டர் மகன் ருடால்ஃப் டீசல் உயிரோடு வந்து பார்த்தால், இரண்டாவது டேபிளில்தான் அதிக நேரம் நிற்பார்.