எல்.எம்.எஸ். படித்த விஞ்ஞானி



ஊரில் கல்யாண வீடு, நோம்பி என்று போனால் பெரியவர்கள் என்ன படிக்கிறாய் கண்ணு என்று கேட்பார்கள். டிப்ளமோ என்று சொன்னதும், அட, டிப்ளமோதானா என்று ஓர் இழுவை வரும் பாருங்கள்... அந்த இழுவை நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதே இழுவையை வாழ்நாள் பாதி கேட்ட ஒரு மனிதரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பெயர் எல்லாப்ரகடா சுப்பாராவ். நம்மில் பலர் பெயர்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஆனால் அவர் வேலை செய்த மருந்து நம் வீட்டுக்குள் வராமல் இருந்திருக்காது.

1895 ஜனவரி 12ஆம் தேதி அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். இப்போது அது ஆந்திராவில் இருக்கிறது. தகப்பனார் வருவாய்த்துறையில் சிறு உத்தியோகம், சீக்கிரமே காலமாகிவிட்டார். அம்மா வெங்கம்மா நகையை விற்றுப் படிக்க வைத்தார். மகனோ பதிமூன்று வயதில் காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகலாம் என்று வீட்டை விட்டு ஓடினார். அம்மா பிடித்து இழுத்து வந்தார். மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை பெயில். மூன்றாவது தடவைதான் சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் இருந்து எழுதிப் பாஸானார். அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படித்துக்கொள்ளலாம்!

மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு சாமியாராகப் போகிறேன் என்றார். அம்மா விடவில்லை. அப்புறம்தான் சென்னை மருத்துவக் கல்லூரி. 1919இல் சேஷகிரி என்ற பெண்ணைக் கல்யாணம் செய்து வைத்தார்கள். மாமனார் படிப்புச் செலவுக்கு உதவினார். அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்து ஸ்ப்ரூ என்ற நோயில் இறந்தார்கள். சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டாமல், வயிற்றுப்போக்கிலேயே ஆள் கரைந்து போகும் நோய் அது.

அது காந்தியின் ஒத்துழையாமைக் காலம். சுப்பாராவ் அறுவை சிகிச்சை வகுப்புக்கும் கதர் உடையில்தான் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. மற்ற பாடங்களை எல்லாம் நன்றாக எழுதியும் கடைசியில் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கொடுத்தார்கள். அரசு மருத்துவப் பணிக்கு முயன்று பார்த்தார், நடக்கவில்லை. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு வாத்தியார் வேலைக்குப் போய்ச் சேர்ந்தார்.

1922 அக்டோபரில் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் போய் இறங்கினார். ஹார்வர்டில் வெப்பமண்டல நோய்கள் பற்றிய படிப்பு. வயிற்றுப்பாட்டுக்கு ஓர் ஆஸ்பத்திரியில் இரவு வேலை: நோயாளிகளின் மலச்சட்டி எடுத்துக் கழுவுவது. அங்கும் அவர் முதலில் வாங்கியது என்ன தெரியுமா? டிப்ளமோதானுங்க!

பிறகு சைரஸ் ஃபிஸ்க் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் மாணவராகச் சேர்ந்தார். ரத்தத்திலும் திசுக்களிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க ஒரு முறை வேண்டியிருந்தது. அமிலத்தோடு மாலிப்டேட் உப்பைச் சேர்த்து, அதில் ஒரு ஒடுக்கியை விட்டால் நீல நிறம் வரும். பாஸ்பரஸ் கூடக்கூட நீலமும் கூடும். தெரிந்த அளவுள்ள திரவத்தோடு கலரிமீட்டரில் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். இது 1925இல் வெளிவந்தது. ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்று உயிர்வேதியியல் படிக்கிறவர்கள் இன்றும் பாடமாகப் படிக்கிறார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். தசையில் இருந்து எடுத்த சாறை இந்த முறையில் சோதித்தபோது, நீலம் சட்டென்று வராமல் மெதுவாக, நேரம் ஆகஆகக் கூடிக்கொண்டே வந்தது. நாமாக இருந்தால் என்ன செய்வோம்? மனசில் கைவைத்துச் சொல்லுங்கள். கெமிஸ்ட்ரி லேபில் ரீடிங் சரியாக வராவிட்டால் பக்கத்து டேபிள் ரெக்கார்டைப் பார்த்து நடுவில் ஒரு எண்ணைப் போட்டுவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். நானும் போட்டிருக்கிறேன். அவர்கள் அந்தத் தாமதத்தையே பிடித்துக்கொண்டார்கள். எளிதில் உடைகிற ஏதோ ஒரு பொருளில் இருந்து பாஸ்பேட் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வருவதால்தான் நிறம் மெதுவாக ஏறுகிறது என்று கண்டார்கள். அந்தப் பொருள்தான் பாஸ்போகிரியேட்டின். ஆண்டு 1927. தசை சுருங்குவதற்கு லாக்டிக் அமிலம்தான் காரணம் என்று சொல்லி 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு வாங்கிய ஹில், மேயர்ஹாஃப் இருவரின் கொள்கை இதனால் ஆட்டம் கண்டது.

1929இல் ஏ.டி.பி.யையும் பிரித்து எடுத்தார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் லோமான் என்பவரும் கண்டுபிடித்தார். உடம்பில் ஒவ்வொரு செல்லுக்கும் கைச்செலவுப் பணம் மாதிரி அது. ஓய்வாக இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு மூளைக்கே போகிறது. வைவாவுக்கு வெளியே நிற்கும்போது நெஞ்சு படபடக்கிறதே, அப்போது சுரக்கும் அட்ரினலின் ஹார்மோன் செல்லின் கதவைத் தட்டியதும், உள்ளே செய்தி கொண்டுபோகும் பொருள்கூட ஏ.டி.பி.யில் இருந்துதான் உண்டாகிறது. இதைச் சொன்னவர் சதர்லேண்ட். 1971இல் அவருக்கு நோபல் கிடைத்தது.

சுப்பாராவுக்கு என்ன கிடைத்தது? 1930இல் டாக்டர் பட்டம். ஆனால் ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. அவர் பிரித்தெடுத்த சில பொருள்களை ஃபிஸ்க் வெளியிட விடாததால், பின்னாளில் மற்றவர்கள் அவற்றைத் திரும்பக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்று, அதே கூடத்தில் படித்து 1988இல் நோபல் வாங்கிய ஹிட்சிங்ஸ் சொல்லியிருக்கிறார்.

1940இல் நியூயார்க் அருகே லெடர்லி என்ற மருந்துக் கம்பெனிக்குப் போனார். அங்கேதான் நம் பக்கத்துக் கதை ஒன்று வந்து சேர்கிறது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டரம்மா 1928இல் பம்பாய் வந்து, கர்ப்பமாக இருந்த மில் தொழிலாளிப் பெண்களின் ரத்தசோகையை ஆராய்ந்தார். 1929இல் சில மாதங்கள் நம்ம குன்னூர் பாஸ்டர் ஆய்வுக்கூடத்திலும் வேலை செய்தார். மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறினால் போய்விடலாம், அவ்வளவு பக்கம்! ஈஸ்ட் சாறு கொடுத்தால் அந்த ரத்தசோகை குணமாகிறது என்று 1931இல் எழுதினார். அதில் என்ன சத்து என்று மட்டும் பிடிபடவில்லை. 1941இல் வேறு சிலர் கீரையில் இருந்து ஒரு சத்தைப் பிரித்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். சுப்பாராவின் குழு 1945இல் அதை ஆய்வுக்கூடத்திலேயே செய்துவிட்டது. அவருடைய அண்ணன் தம்பியைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கும் அது மருந்தானது. வருஷம் இருபத்தைந்து கழிந்துதான்!

ஃபோலிக் அமிலம் மாதிரியே உருவம் கொண்டு அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களையும் செய்தார்கள். அதில் ஒன்றான அமினாப்டெரினை பாஸ்டனில் டாக்டர் ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்குக் கொஞ்ச காலத்துக்காவது நோய் தணிந்தது. 1948 ஜூனில் அந்தச் செய்தி வெளியானது. யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மாத்திரையும் அவர் தலைமையில் வந்ததே. 1948 ஆகஸ்டில் தூக்கத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார். வயது 53. கடைசிவரை அமெரிக்கக் குடிமகன் ஆகவில்லை. நம் அரசாங்கம் 1995இல் தபால்தலை வெளியிட்டது.

அவர் இறந்து 43 வருஷம் கழித்து, 1991இல் பிரிட்டனில் ஒரு பெரிய ஆய்வு முடிந்தது. கருவில் மூளையும் தண்டுவடமும் முதலில் ஒரு தகடு மாதிரி இருந்து, சுருண்டு குழாயாகி, 28 நாளுக்குள் மூடிக்கொள்ளும். மூடாவிட்டால் குழந்தை ஊனமாகவோ உயிரில்லாமலோ பிறக்கும். ஏற்கெனவே அப்படிக் குழந்தை பெற்ற தாய்மார்களுக்கு முன்கூட்டியே ஃபோலிக் அமிலம் கொடுத்ததில், நான்கில் ஏறக்குறைய மூன்று பங்கு தடுக்கப்பட்டது.

எங்க அக்காவுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா கொடுத்த சிறு மாத்திரையும் அதுதான். இந்தக் கட்டுரைக்காகப் படித்ததை எல்லாம் அக்காவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, அந்த சம்சாரம் என்ன ஆச்சு என்று ஒரே கேள்விதான் கேட்டது. அவர் போனபின் பிறந்த பையன் கைக்குழந்தையிலேயே இறந்துவிட்டான். சேஷகிரியம்மாவை 1922க்குப் பிறகு அவர் பார்க்கவே இல்லை. அதைச் சொன்னதும் அக்கா மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, ஒண்ணும் பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டது.